விடுபட்ட ஒருசாலை மாணாக்கர்

ஒரே ஆசானிடம் உடன் கற்றவரை ஒருசாலை மாணாக்கர் என்பது தமிழ் வழக்கு. நூல் செய்தவரின் சிறப்பைப் பாயிரமாகச் சொல்லும் உரிமையை நன்னூல் அவருக்கும் அளித்துள்ளது. அவ்வுரிமை பயன்படாமற் போன வரலாறொன்றை இங்கே நினைவு கூர்வோம்.

ஷாம் நாட்டுத் திமிஷ்க் நகரில் ஸுல்தான் நூருத்தீன் நிறுவிய மருத்துவமனையில், ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் மருத்துவம் போதித்த பேராசான் முஹத்தபுத்தீன் அத்தக்வார். இப்னு அபீ உஸைபிஆவும் இப்னுந் நஃபீஸும் அவரிடம் பாடம் கேட்டவர்கள் என்பர். முன்னவர் 300க்கும் மேற்பட்ட மருத்துவர்களின் வாழ்வைத் திரட்டி ‘உயூனுல் அன்பா’ என்னும் பெருநூலை யாத்தார். ஆசானையும் அதில் போற்றினார். ஆயினும், பரவலாக வழங்கும் பிரதிகளில் இப்னுந் நஃபீஸுக்கு இடமில்லை. காரணம் கற்பிக்க நாம் துணியோம்.

விடுபட்டவர் எளியவரல்லர். இதயத்தின் நடுச்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே இரத்தம் வலமிருந்து இடம் செல்கிறது என்பது கிரேக்க அறிஞர் காலனின் கொள்கை. இப்னு ஸீனாவின் ‘கானூன்’ நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு உரை கண்ட இப்னுந் நஃபீஸ் அதனை மறுத்தார். சுவரில் துளையில்லை, இரத்தம் நுரையீரல் சென்று காற்றோடு கலந்த பின்னரே இடப்புறம் சேர்கிறது என்றார். சுவடியில் உறங்கிய இவ்வுண்மையை, 1924-இல் மிஸ்ர் நாட்டு மருத்துவர் முஹ்யித்தீன் அத்தத்தாவீ தம் ஆய்வின் மூலம் மீண்டும் வெளிக்கொணர்ந்தார்.

இப்னுந் நஃபீஸ் காஹிராவில் வாழ்ந்து, மருத்துவத்தோடு ஷாஃபிஈ ஃபிக்ஹும் போதித்தார். 1288-இல் (ஹிஜ்ரி 687) நோயுற்றுக் கிடந்தபோது மருந்தாக மது அருந்தச் சொன்னார்கள். வயிற்றில் மதுவோடு இறைவனைச் சந்திக்க இயலாதென மறுத்து மறைந்தார். தம் இல்லத்தையும் நூல்களையும் மன்ஸூரி மருத்துவமனைக்கு வக்ஃபு செய்திருந்தார். ஆசான் தக்வாரும் தம் இல்லத்தை மருத்துவக் கல்விக்கென வக்ஃபு செய்தவரே. மாணவர் ஆசானின் அடிச்சுவட்டிலேயே நடந்தார்.

இதை எழுதுங்கால் நம் நெஞ்சே நம்மைச் சுடுகிறது. நம்மோடு ஒரே பாயில் அமர்ந்து ஓதி, பின் ஹகீமாகி, ஏழைகளிடம் காசு வாங்காது மருந்தளித்து மறைந்த தோழர் ஒருவர் உண்டு. பாமரர் கண்ணீரோடு அவர் ஜனாஸாவைச் சுமந்தனர். ஏடும் எழுதுகோலும் கைவசமிருந்த நாமோ அவரைப் பற்றி ஒரு வரியும் எழுதினோமில்லை. இப்னு அபீ உஸைபிஆவைக் குறை சொல்ல நமக்கென்ன தகுதி?

அன்பர்களே! உங்கள் ஊரிலும் அத்தகைய ஹகீம்கள் வாழ்ந்திருப்பர். அவர்களை அறிந்த பெரியோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அல்லாஹ் அவர்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.