செண்பகாதேவிக்கு நடந்த பாதை

இன்று குற்றாலம் வருபவர்கள் பேரருவியில் குளித்துவிட்டு காரில் ஏறிவிடுகிறார்கள். எங்கள் காலத்தில் அது நடந்து பார்க்கிற ஊர். சிற்றருவி தாண்டி மலையேறினால் சுமார் இரண்டு கிலோமீட்டரில் செண்பகாதேவி அருவி. சித்ரா பௌர்ணமிக்கு அம்மன் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாக, கட்டுச்சோற்றோடு ஏறுவோம்.

இந்த மலையடிவாரத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஜாதிக்காய், கிராம்பு வளர்த்துப் பார்த்தார்கள். 1830-களில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் இங்கே செடிகள் சேகரித்தார். 2015-இல் குற்றாலக் காடும் சேர்ந்து நெல்லை வனவிலங்குச் சரணாலயம் ஆனது.

இப்போது நினைத்த நாளில் ஏற முடியாது, வனத்துறைக் கட்டுப்பாடு. சோப்பும் பிளாஸ்டிக்கும் சுமந்துபோன கூட்டத்தை நினைத்தால் அது நியாயமே. ஆனாலும், வழிகாட்டி ஒருவரோடு நாளைக்குச் சில குடும்பங்களையாவது விடலாம். பார்க்காத காட்டைக் காக்க வேண்டுமென்று நம் பேரப்பிள்ளைகளுக்கு எப்படித் தோன்றும்?