பழைய கோப்புகளை விக்கிக்கு மாற்றுதல்

ரொறன்ரோ சென் ஜேம்ஸ் ரவுணின் அடுக்குமாடிகள் 1980களில் நாடுவிட்டு வந்த எம்மவர் பலரின் முதல் முகவரி. அங்கிருந்து ஸ்காபரோவுக்கும் அப்பாலும் நாம் குடிபெயர்ந்தபோது ஊர் வரலாறுகளும் சங்க மலர்களும் பாடக் குறிப்புகளும் பெட்டிகளோடு கூட வந்தன. பின்னர் கணினியில் தட்டெழுதியவை பலவும் இன்று திறக்க முடியாத கோப்புகளாகக் கிடக்கின்றன. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது, ஒரேயொரு பிரதியை நம்பியிருப்பதன் விலையை நாம் அறிந்தோம்.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் இயங்குகிறது. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம். அதில் ஆசிரியர், மொழி, வெளியீட்டாளர், ஆண்டு, உள்ளடக்கம் என ஒரே ஒழுங்கு. நாமும் அந்த ஒழுங்கைப் பின்பற்றலாம்.

முதல் வேலை எழுத்துரு மாற்றம். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளே தெரியும். ஒருங்குறிக்கு மாற்றும்போது ஒழுங்கும் மாறும்: பாமினியில் 'கெ' எழுதக் கொம்பு முதலில் வரும், ஒருங்குறியில் 'க' முதலில் சேமிக்கப்படும். கோப்பு முழுவதையும் ஒரே அடியாக மாற்றினால் இடையிலுள்ள ஆங்கிலப் பெயர்கள் சிதைந்துவிடும். ஆகவே அவற்றைப் பிரித்து வைத்துவிட்டு மாற்றவேண்டும்.

அடுத்தது அமைப்பு. பெரிய தடித்த எழுத்தை நாம் தலைப்பென்று கண்டுகொள்வோம்; கணினி கண்டுகொள்ளாது. வேர்ட் மென்பொருளிலுள்ள தலைப்புப் பாணியை ஒவ்வொரு தலைப்புக்கும் கொடுத்து, புதிய வேர்ட் வடிவில் சேமிக்கவேண்டும். அதன்பின் பான்டாக் என்னும் இலவச மென்பொருள் அதை விக்கி வடிவுக்கு மாற்றித் தரும். டொக்புக் போன்ற கட்டமைக்கப்பட்ட தொழில்நுட்ப ஆவணங்களையும் அது மாற்றும். தலைப்புகளின் இருபுறமும் சமக்குறிகள் வரும். அவற்றிலிருந்து மீடியாவிக்கி தானே உள்ளடக்கப் பட்டியலை அமைக்கும். சிக்கலான அட்டவணைகளையும் அடிக்குறிப்புகளையும் கண்ணால் சரிபார்க்காமல் விடக்கூடாது.

ஏற்றுமுன் எழுதியவரிடமோ குடும்பத்தாரிடமோ அனுமதி பெறவேண்டும். ஊரிலுள்ளோரின் முகவரி, தொலைபேசி எண்களை நீக்கிவிட வேண்டும். விக்கியில் பழைய பதிப்பும் வரலாற்றில் இருக்கும். ஏற்றியபின் அழித்தால் போதாது.

தட்டெழுதியவர் அருகில் இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. சிதைந்த பெயரொன்றைத் திருத்த எந்த மென்பொருளையும்விட அவரது நினைவே உதவும்.