கல்லாற்றுச் சூழலில் பழைய கையடக்கக் கேமராவும் புதிய நீர்புகாக் கேமராவும்

சட்டைப்பைக்குள் அடங்கும் மெல்லிய டிஜிட்டல் கேமராக்கள் 2000-க்குப் பிறகு பெருகின. ஏறத்தாழ அதே அளவில், மூடிகளுக்கு ரப்பர் வளையமும் லென்ஸுக்கு முன் நிலையான கண்ணாடியும் பொருத்தி, தண்ணீருக்குள் கொண்டுசெல்லத் தக்கதாக 2005 முதல் பரவலாக வந்தவை நீர்புகாக் கேமராக்கள். ஆறு, அருவி, மழைக்காடு ஆகியவை ஒருசேர அமைந்த இடங்களுக்குப் போகிறவர்கள் இவ்விரண்டில் எதை எடுத்துச் செல்வது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்திலுள்ள கல்லாறு அத்தகைய இடம்.

இடத்தின் தன்மை

நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 45 கி.மீ. தொலைவில் கல்லாறு உள்ளது. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள பொன்முடிக்குப் போகும் 22 கொண்டை ஊசி வளைவுகள் இதையடுத்துத் தொடங்குகின்றன. ஊரின் பெயரையே கொண்ட ஆறு, வாமனபுரம் ஆற்றோடு சேர்ந்து அஞ்சுதெங்கு காயலில் கலக்கிறது. இங்குள்ள மீன்முட்டி அருவிக்குக் காட்டுப் பாதையில் நடந்துதான் போக வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து மட்டுமல்லாமல் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் விடுமுறை நாள்களில் குடும்பம் குடும்பமாக இங்கு வருகிறார்கள்.

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் பெய்வதால், ஆண்டில் பாதிக்கு மேல் இங்கு காற்றிலேயே ஈரம் நிற்கிறது. ஆற்றுப்படுகை முழுவதும் நீர் தேய்த்து வழவழப்பாக்கிய உருண்டைப் பாறைகள். அவற்றின் மேல் பாசி. மரங்கள் கவிந்த காட்டுப் பாதையில் நண்பகலிலும் வெளிச்சம் குறைவு. இங்கே கேமராவைக் கெடுப்பவை ஆழத்தைவிடச் சாரலும், காற்றின் ஈரமும், பாறை மேல் விழுவதும், மணலுமே.

கையடக்கக் கேமராவின் வளர்ச்சி

கேனான் நிறுவனம் 2000-இல் வெளியிட்ட டிஜிட்டல் இக்ஸஸ் இவ்வகையின் முன்னோடிகளில் ஒன்று. 2 மெகாபிக்சல், 2 மடங்கு ஜூம், உலோக உடல், சுமார் 27 மி.மீ. தடிமன் கொண்டது. 2002-இல் காசியோ வெளியிட்ட எக்ஸிலிம் எஸ்1 வெறும் 11.3 மி.மீ. தடிமனில் வந்தது. ஆனால் அதில் ஜூம் இல்லை. 2005-இல் வந்த சோனியின் டி7, ஜூம் லென்ஸோடு மிக மெல்லிய பகுதியில் 9.8 மி.மீ. அளவுக்கு இறங்கியது.

இந்த மெலிவுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கேமராவை இயக்கியதும் குழல்குழலாக வெளியே நீண்டு, அணைத்ததும் உள்ளே ஒடுங்கும் லென்ஸ். கேனான் இக்ஸஸ் வரிசை இந்த வழியில் சென்றது. மற்றொன்று, முன்கண்ணாடிக்குப் பின்னே ஒரு முப்பட்டகத்தை வைத்து ஒளியை 90 பாகை திருப்பி, லென்ஸ் தொகுதி முழுவதையும் உடலுக்குள்ளேயே செங்குத்தாக நிறுத்துவது. மினோல்டா நிறுவனம் 2002-இல் டிமாஜ் எக்ஸ் கேமராவில் இதைக் கொண்டுவந்தது. வெளியே எதுவும் நீளாததால், முன்புறத்தை ஒரே கண்ணாடியால் நிரந்தரமாக மூடிவிட முடிந்தது. சிறிய நீர்புகாக் கேமராவுக்கு வழி திறந்தது இந்த மடக்கு லென்ஸ்தான்.

நீர்புகாக் கேமராவின் வளர்ச்சி

தண்ணீருக்குள் படமெடுப்பது டிஜிட்டல் காலத்துக்கு முந்தியது. ஜாக் கூஸ்தோவின் முயற்சியில் உருவான கலிப்ஸோ என்ற பிலிம் கேமராவை நிக்கான் ஏற்று, 1963-இல் நிக்கானோஸ் என்ற பெயரில் வெளியிட்டது. அது மூழ்காளர்களுக்கான கருவி. சாதாரணப் பயணிகளுக்காக, மழைத்தூறலை மட்டும் தாங்கும் டிஜிட்டல் கேமராக்களை 2003 வாக்கில் ஒலிம்பஸும் பென்டாக்ஸும் கொண்டுவந்தன.

2005-இல் வந்த பென்டாக்ஸ் ஆப்டியோ டபிள்யூபி 1.5 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஒலிம்பஸ் மியூ 720 எஸ்டபிள்யூ, 3 மீட்டர் ஆழம், 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுதல் ஆகிய இரண்டையும் தாங்குவதாக வந்தது. 2007-இல் 770 எஸ்டபிள்யூ, ஆழத்தை 10 மீட்டராக்கியது. 2009-இல் கேனானும் பானாசோனிக்கும், 2011-இல் நிக்கானும் இத்துறையில் இறங்கின. மடக்கு லென்ஸின் பலவீனம், ஒளி குறைவாகவே உள்ளே போகும் என்பது. 2012-இல் ஒலிம்பஸ் டிஜி-1, எஃப்/2.0 திறப்புள்ள லென்ஸைத் தந்து அதை ஓரளவு சரிசெய்தது. அந்த வரிசையின் டிஜி-7, ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் 2023-இல் வெளிவந்தது. அது 15 மீட்டர் ஆழத்தையும் 2.1 மீட்டர் உயர வீழ்ச்சியையும் தாங்கும் என்பது தயாரிப்பாளர் தரும் அளவு.

இதற்கிடையே சந்தையே சுருங்கிவிட்டது. 2010-இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்களை அனுப்பிய ஜப்பானிய நிறுவனங்கள், 2023-இல் அனுப்பியது 80 லட்சத்துக்கும் குறைவு. கைப்பேசி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதனால் இன்று கடையில் புதிதாகக் கிடைக்கும் நீர்புகா வகைகள் மிகச் சில. மிகச்சிறு கையடக்கக் கேமராவை வாங்குவோர் பெரும்பாலும் பழையதைத்தான் வாங்குகிறார்கள்.

தரக்குறியீடுகள் சொல்வதும் சொல்லாததும்

ஐஇசி 60529 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி நீர்த்தடை குறிக்கப்படுகிறது. ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபிஎக்ஸ்8 என்றால் அதைவிடக் கடுமையான, தயாரிப்பாளர் தாமே அறிவிக்கும் ஆழமும் நேரமும். இவ்விரண்டும் அசையாத நீரில் மூழ்குவதைப் பற்றியவை. பீய்ச்சி அடிக்கும் நீரைத் தாங்குவதற்கு ஐபிஎக்ஸ்5, ஐபிஎக்ஸ்6 என்ற தனிக் குறிகள் உண்டு. மூழ்குவதைத் தாங்கும் கருவி பீய்ச்சலையும் தாங்கும் என்று அத்தரம் சொல்வதில்லை. இரண்டும் தேவையென்றால் இரண்டு குறியும் இருக்க வேண்டும்.

கல்லாற்றில் இந்த வேறுபாடு முக்கியம். இடுப்பளவு நீரில் நிற்பவருக்கு 10 மீட்டருக்கும் 30 மீட்டருக்கும் உள்ள வித்தியாசத்தால் பயனில்லை. ஆனால் மீன்முட்டியில் அருவி விழும் இடத்துக்கு நேர் கீழே கேமராவை நீட்டினால், ஆழக் கணக்கில் அடங்காத அடி அதன் மூடிகளின் மேல் விழுகிறது. கேமராவைப் பிடித்தபடி பாறையிலிருந்து ஆற்றில் குதிப்பதும் அப்படியே. இரண்டையும் தவிர்க்குமாறு தயாரிப்பாளர்களின் கையேடுகளே எச்சரிக்கின்றன.

வெப்பநிலை மாற்றமும் கவனிக்க வேண்டியது. வெயிலில் நின்ற காரின் முன்பலகையில் சுட்டுக்கிடந்த கேமராவை நேரே குளிர்ந்த ஆற்றில் முக்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி அழுத்தம் குறைகிறது. ரப்பர் வளையத்தில் சிறு தளர்வு இருந்தாலும் நீர் உள்ளே இழுக்கப்படும். நீர் புகாவிட்டாலும், உள்ளே அடைபட்ட ஈரம் முன்கண்ணாடியின் உட்புறத்தில் பனியாகப் படிந்து படங்களை மங்கலாக்கும். பேட்டரி மூடியை ஏசி அறையிலோ வறண்ட இடத்திலோ திறந்து மூடிக்கொண்டு வருவது இதற்கு எளிய தீர்வு. ஆற்றங்கரையில் நின்று திறந்தால் ஈரக் காற்றைத்தான் உள்ளே அடைக்கிறோம்.

ஈரமும் பழைய கேமராவும்

குழல் நீளும் லென்ஸ் ஒவ்வொரு முறை வெளிவரும்போதும் சுற்றியுள்ள காற்றை உள்ளே இழுக்கிறது. கல்லாற்றில் அந்தக் காற்றோடு நுண்திவலையும் போகும். குழல்களுக்கிடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் ஒரு மணல் துணுக்கு சிக்கினால் லென்ஸ் பாதியில் நின்றுவிடும். திரையில் லென்ஸ் பிழை என்ற செய்தி வரும். நீட்டிய நிலையில் பாறையில் விழுந்தாலும் இதே கதிதான். பழுதுபார்க்கும் செலவு பெரும்பாலும் கேமராவின் விலையைத் தாண்டிவிடும்.

வெப்பமும் ஈரமும் மின்னணு உறுப்புகளை எப்படிப் பாதிக்கும் என்பதற்கு 2005 அக்டோபரில் வெளிப்பட்ட நிகழ்வு சான்று. சோனி தயாரித்துப் பல நிறுவனங்களின் கேமராக்களில் பொருத்தப்பட்ட, ஒளியைப் படமாக்கும் சில சிசிடி சென்சார்களில், சூடும் ஈரமும் மிகுந்த சூழலில் உள் இணைப்புகள் தளர்ந்து, படம் சிதைந்தோ முற்றிலும் மறைந்தோ போனது. சோனி, கேனான் உள்ளிட்ட நிறுவனங்கள் அவற்றை இலவசமாகப் பழுதுபார்த்துத் தருவதாக அறிவித்தன. அந்தக் காலத்துக் கேமராவை இன்று பழைய சந்தையில் வாங்குகிறவர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

காற்றின் ஈரம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறது. சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் கண்ணாடியில் தெரிந்தால் அது பூஞ்சை. இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சினால் அதைக் கண்டுபிடிக்கலாம். பழைய கேமராவை வாங்குமுன் செய்ய வேண்டிய முதல் சோதனை இது.

படத்தின் தரம்

புதியது என்பதாலேயே படம் மேலாகிவிடுவதில்லை. 2007-இன் ஒரு கேனான் இக்ஸஸிலும் இன்றைய நீர்புகாக் கேமராவிலும் உள்ள சென்சார்கள் பரப்பளவில் ஏறக்குறைய சமம். இரண்டும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை. மாறியது சென்சாரின் அமைப்பு; பழையதில் இருப்பது சிசிடி. பின்புறமிருந்து ஒளியை வாங்கும் சிமாஸ் சென்சாரை 2009-இல் சோனி கையடக்கக் கேமராக்களில் கொண்டுவந்த பிறகு, மங்கிய வெளிச்சத்தில் புள்ளிப்புள்ளியான இரைச்சல் குறைந்தது. மீன்முட்டிப் பாதையின் மர நிழலில் பழைய கேமரா பிளாஷைத் தேடும்போது, எஃப்/2.0 லென்ஸுள்ள புதியது பிளாஷ் இல்லாமலே எடுத்துவிடும்.

நல்ல வெயிலில் நிலைமை வேறு. பழைய சிசிடி கேமராவின் நிறங்களை விரும்பி இளைஞர்கள் அண்மை ஆண்டுகளில் அதைத் தேடி வாங்குகிறார்கள். நீர்புகாக் கேமராவின் மடக்கு லென்ஸ் ஓரங்களில் கூர்மை இழப்பது வழக்கமாதலால், கரையிலிருந்து எடுக்கும் குடும்பப் படத்தில் பழைய இக்ஸஸ் பின்தங்காது. ஆனால் ஆற்றில் பட்டுத் தெறிக்கும் சூரிய ஒளியைப் பழைய கேமராவில் வீடியோ எடுத்தால், ஒளிப்புள்ளியிலிருந்து மேலும் கீழுமாக ஒரு வெள்ளைக்கோடு படம் முழுக்க ஓடும். இது சிசிடியின் இயல்பான குறை. லென்ஸைத் துடைத்தால் போகாது.

தண்ணீருக்குள் எடுப்பது நீர்புகாக் கேமராவால் மட்டுமே இயலும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால், தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும்போது பொருள்கள் உள்ள தொலைவில் முக்கால் பங்கில் இருப்பதுபோல் தோன்றும். படத்தில் அடங்கும் பரப்பும் குறையும். ஆகவே அகலக் கோணத்தில் வைத்து, மீனுக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி எடுக்க வேண்டும். டிஜி வரிசை 1 செ.மீ. தொலைவிலும் குவியம் பெறுவதால், பாசி, தவளை, பூச்சி ஆகியவற்றைப் படமெடுப்பவர்களுக்குக் கரையிலும் அது உதவும்.

பேட்டரியும் மெமரி கார்டும்

பழைய கேமராவுக்கு இன்று வரும் சிக்கல் பெரும்பாலும் துணைப்பொருள்களால். 2006-க்கு முந்தைய கேமராக்கள் பொதுவாக 2 ஜிபி வரையுள்ள எஸ்டி கார்டை மட்டுமே ஏற்கும். இப்போது கடையில் கிடைக்கும் 32 அல்லது 64 ஜிபி கார்டைப் படிக்காது. ஒலிம்பஸின் முதல் நீர்புகாக் கேமராக்கள் எக்ஸ்டி கார்டைப் பயன்படுத்தின. அந்தக் கார்டின் தயாரிப்பே நின்றுவிட்டது. மூல நிறுவனத்தின் பேட்டரியும் அரிது. மாற்று பேட்டரி உப்பியிருந்தால் அதைக் கேமராவில் போடவே கூடாது. புதிய டிஜி-7 யுஎஸ்பி-சி மூலம் சார்ஜ் ஆகும். கைப்பேசி சார்ஜரே போதும்.

பராமரிப்பு

நீர்புகாத் தன்மை ரப்பர் வளையத்தின் ஆயுளைப் பொறுத்தது. ஒலிம்பஸ் உள்ளிட்ட தயாரிப்பாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கிறார்கள். வளையத்தில் ஒரு தலைமுடியோ மணலோ குறுக்கே கிடந்தாலே நீர் புக அது போதும். அதனால் ஏற்படும் சேதத்தை உத்தரவாதம் பொதுவாக ஈடுசெய்யாது. பத்தாண்டு பழைய நீர்புகாக் கேமராவை யாரேனும் விற்க வந்தால், வளையங்களை மாற்றிய சான்று இல்லாதவரை அதைச் சாதாரணக் கேமராவாகவே கொள்ள வேண்டும்.

கல்லாற்று நீர் நன்னீர் என்பதால் உப்பு அரிப்பு இல்லை; மணலைக் கழுவித் துடைத்தால் போதும். அதே பயணத்தில் கோவளத்துக்கோ வர்க்கலைக்கோ போய்க் கடலில் பயன்படுத்தினால், மூடிகளைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் சில நிமிடம் ஊறவைத்துக் கழுவி, நிழலில் உலர்த்திய பிறகே திறக்க வேண்டும். இரண்டு வகைக் கேமராக்களையும் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது பூஞ்சையைத் தடுக்கும். நீர்புகாக் கேமரா தண்ணீரில் மிதக்காது. பாறை இடுக்கில் ஓடும் நீரில் விழுந்தால் கண்டுபிடிப்பது கடினம். மஞ்சள் நிற மிதவைப் பட்டையை மாட்டிக்கொள்வது நல்லது.

தேர்வு

ஆற்றில் இறங்குகிறவர்கள், மழைக்காலத்தில் மீன்முட்டிக்கு நடக்கிறவர்கள், குழந்தைகள் கையில் கேமராவைக் கொடுக்கிறவர்கள் ஆகியோருக்குப் புதிய நீர்புகா வகையே பொருந்தும். அதிலும் ஆழ எண்ணைவிட லென்ஸின் திறப்பையும் விழுந்தால் தாங்கும் உயரத்தையும் பார்த்து வாங்க வேண்டும். கோடை நாளில் வந்து, கரையிலும் பொன்முடி உச்சியிலும் மட்டும் படமெடுப்பவர் வீட்டில் நல்ல நிலையிலுள்ள பழைய கையடக்கக் கேமராவை மாற்ற வேண்டியதில்லை. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையும் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் அதற்குப் போதும். பழைய நீர்புகாக் கேமராவை நம்பித் தண்ணீரில் இறங்குவது மூன்றிலும் மோசமான தேர்வு.

கல்லாற்றின் வட்டக்கயம் போன்ற ஆழச் சுழிகளில் குளிக்க இறங்கியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். எந்தக் கேமரா கையிலிருந்தாலும், எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் படத்துக்காகவும் இறங்கக் கூடாது.