'வழக்கமான சிகிச்சை' என்றால் என்ன?

2007ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் திண்டுக்கல் மாவட்டப் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியானது. மல்லாங்கிணறு, திருச்சுழி பக்கம் பெண்கள் ஆரோக்கியம் குறித்து வேலை செய்யும் தோழர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி எளிமையானது. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவினால், புற்றுநோயாக மாறக்கூடிய இடம் வெளுத்துத் தெரியும். லேப் வேண்டாம், பயிற்சி பெற்ற செவிலியரே பார்த்துச் சொல்லலாம். இந்தச் சோதனை உயிரைக் காக்குமா?

அம்பிளிக்கையை மையமாக வைத்து 114 ஊர்த் தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் 30 முதல் 59 வயதுள்ள 49,311 பெண்களுக்குச் சோதனை என்று திட்டம். 2000 முதல் 2003 வரை 31,343 பேருக்குச் செய்தார்கள். மறுபாதியில் இருந்த 30,958 பெண்களுக்கு 'வழக்கமான சிகிச்சை'. சோதனை நடந்த பக்கம் 83 பேரும், நடக்காத பக்கம் 92 பேரும் இறந்தார்கள். வித்தியாசம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள், குழுக்களின் அளவு வேறு. கணக்கிட்டால் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது.

அந்த 'வழக்கமான சிகிச்சை' என்பது என்ன? நம் கிராமங்களில் அன்று கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முறையான பரிசோதனைத் திட்டமே கிடையாது. அதாவது, ஒன்றுமில்லை. டீக்கடையில் தனிக் குவளைகூட ஒரு காலத்தில் வழக்கம்தான். வழக்கம் என்ற சொல்லை நாம் அவ்வளவு எளிதில் விட்டுவிட முடியாது.

எரிக் சுபா என்ற அமெரிக்க மருத்துவர் இதைக் கேள்வி கேட்டார். திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத் மூன்று ஆய்வுகளிலும் சோதனை செய்யப்படாத பெண்களில் குறைந்தது 254 பேர் இந்த நோயால் இறந்ததாக 2014இல் எழுதினார். பணக்கார நாடுகளில் பாப் ஸ்மியர் சோதனை பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆய்வாளர்கள் தரப்பு, இந்தியாவில் பரிசோதனை இல்லாததுதான் நடைமுறை, ஒப்பிடாமல் அரசை ஏற்க வைக்க முடியாது என்றது. அதிலும் நியாயம் உண்டு. மலிவான ஒரு முறை நமக்குக் கிடைத்தது இந்த ஆய்வால்தான். ஆனால் இல்லாமையை உண்டாக்கியது சமூகம். அந்த இல்லாமையையே அளவுகோலாக வைத்தபோது, அதன் விலையைக் கொடுத்தவர்கள் கிராமத்துப் பெண்கள்.

2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் அரசு முன்னோடித் திட்டம் தொடங்கியது. பிறகு மாநிலம் முழுவதும் வந்தது. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. இந்திய அளவில் 2 சதவீதம்கூட இல்லை.

திண்டுக்கல்லில் வீடு தேடிப் போய் அழைத்தும் 17,968 பேருக்குச் சோதனை நடக்கவில்லை. எங்கள் பக்கம் நூறு நாள் வேலைக்கு வரும் அக்காமாரிடம் பேசினால் காரணம் புரியும். சோதனை இலவசம்தான் என்றதும் ஒருவர் கேட்டார்: "சரி தம்பி, அன்னைக்குக் கூலி?"