இரண்டு பிள்ளைக்குப் பின்: காரைக்கால் கடற்கரையும் கருத்தடை அறுவையும்

காவிரிப் படுகையின் கிழக்கு விளிம்பில், ஒருபுறம் வங்கக் கடலும் மற்றப் புறங்களில் தமிழ்நாட்டு நிலமும் சூழ அமைந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சியின் தாயகமான பிரான்சிலோ, முதல் உலகப் போரில் இழந்த மக்கள்தொகையை ஈடுகட்டும் நோக்கில் 1920-இல் இயற்றப்பட்ட சட்டம் கருத்தடைப் பிரச்சாரத்தையே குற்றமாக்கியிருந்தது. 1967-இல்தான் கருத்தடைச் சாதனங்களுக்கு அங்கே சட்டம் இடம் கொடுத்தது. எல்லைக்கு இப்பால் சென்னை மாகாணத்தில் நிலைமை வேறு. 1920களின் இறுதியில் நீதிபதி வேப்பா ராமேசம் போன்றோர் முன்னின்ற நியோ-மால்தூசியன் சங்கம் வறுமையையும் மக்கள்தொகையையும் காட்டிக் கருத்தடையை ஆதரிக்க, ‘குடி அரசு’ இதழில் பெரியார், நாட்டின் நன்மைக்காக அன்றிப் பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று வாதிட்டார். பின்னாளில் அரசு கையிலெடுத்தது முன்னவர்களின் வாதத்தையே என்பதை மனத்தில் கொள்வது நல்லது.

1952-இல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கிய பின், சென்னை மாநிலம் அறுவைச் சிகிச்சையின் பக்கம் சாய்ந்தது. தலைமைச் செயலாளர் ஆர்.ஏ. கோபாலசாமியின் முனைப்பில், 1950களின் பிற்பாதியில் அறுவை செய்துகொண்ட ஏழைகளுக்கு 30 ரூபாய் வழங்கும் வழக்கம் தொடங்கியது. அக்காலத்தில் கத்திக்கு உட்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்களே. விந்து செல்லும் குழாயைத் துண்டித்துக் கட்டும் வாசக்டமி, வயிற்றைத் திறக்காமல் சில நிமிடங்களில் முடிவது. நெருக்கடி நிலையின்போது 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாடெங்கும் 80 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு அறுவை நடந்ததும், அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஆண்களாக இருந்ததும், அதில் கலந்திருந்த வற்புறுத்தலும், மத்தியில் ஆட்சி மாறியதும், இவ்வழக்கத்தைத் தலைகீழாக்கின. அதன்பின் எந்த அரசும் ஆண்களை நெருங்கத் துணியவில்லை. சுமை பெண்களின் மேல் இறங்கியது.

பெண்ணுக்கான அறுவையில், கருமுட்டையைக் கருப்பைக்குக் கொண்டுசெல்லும், ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு குழாய்களும் அடைக்கப்படுகின்றன. பரவலாகக் கையாளப்பட்ட பொமராய் முறையில், குழாயின் நடுப்பகுதியைக் கண்ணிபோல் தூக்கி, தானே கரையும் நூலால் கட்டி, கண்ணியை வெட்டி எடுப்பர். நூல் கரைந்ததும் இரு முனைகளும் விலகிவிடும். இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு, தாய் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புமுன்பே இதைச் செய்துவிடலாம் என்பதால், மருத்துவமனைப் பிரசவம் பெருகப் பெருக ‘ஆபரேஷன்’ என்றாலே தமிழகப் பேச்சில் இதுதான் என்றாயிற்று. கருமுட்டை வெளிப்படுவதை ஹார்மோன்களால் நிறுத்திவைக்கும் மாத்திரை, அமெரிக்காவில் 1960-இல் அனுமதி பெற்று, இந்தியாவில் ‘மாலா-டி’, ‘மாலா-என்’ என்ற பெயர்களில் வந்தும், தமிழகத்தில் பெயரளவிலேயே நின்றது. 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 55 சதவீதத்தினர் அறுவை செய்துகொண்டிருந்தனர். ஆண்களின் அறுவை ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

பெற்ற இரண்டும் பிழைத்து வளரும் என்ற நம்பிக்கையே இந்த நிரந்தர முறைக்கு அடித்தளம். குழந்தை இறப்பு குறைந்துவந்த மாநிலத்தில் அது நியாயமான நம்பிக்கைதான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப்பேரலை அதைத் தகர்த்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். கருக்களாச்சேரி, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி உள்ளிட்ட காரைக்கால் மீனவ ஊர்களும் கடும் அழிவைக் கண்டன. இறந்தோரில் குழந்தைகள் மிகப் பலர்; அவர்களைப் பறிகொடுத்த தாய்மாருள் பலர் முன்பே அறுவை செய்துகொண்டவர்கள். எனவே, குடும்பக் கட்டுப்பாட்டின் வரலாற்றில் அரிதான ஒன்றாக, அறுவை செய்யப் பணம் கொடுத்த மாநிலமே அதை மாற்றவும் பணம் கொடுத்தது. குழாய்களை மீண்டும் இணைக்கும் சிகிச்சையை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யவும், தனியார் மருத்துவமனையை நாடுவோருக்கு 25,000 ரூபாய் வரை அளிக்கவும் தமிழ்நாடு அரசு முன்வந்தது.

இந்த மறு இணைப்பு, வெட்டியதைப்போல் எளிதன்று. உருப்பெருக்கியின் கீழ், தழும்பேறிய முனைகளைச் சீவி, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள உள்வழி நேர்க்கோட்டில் பொருந்துமாறு, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தையலிட வேண்டும். வளையம் மாட்டி அடைத்திருந்தால் சேதம் குறைவு. நீளமாக வெட்டியிருந்தால் எஞ்சிய குழாய் போதாது. பெண்ணின் வயது ஏற ஏற வாய்ப்பும் சுருங்கும். கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்தும் உண்டு. வம்சம் வேண்டும் என்ற சுற்றத்தாரின் நெருக்குதல் அரசாணையில் இடம்பெறாத சங்கதி. எனினும் சிகிச்சைக்கு வந்த பெண்கள் எல்லாரும் துயரத்தால் மட்டுமே வந்தவர்கள் என்று கொள்வது பேதைமை.

2006-இல் மத்திய அரசு வெளியிட்ட அறுவைத் தரநெறிகள், தம்பதியருக்கு ஒரு வயதைக் கடந்த ஒரு குழந்தையாவது இருத்தல் வேண்டும் என்றும், அறுவை நிரந்தரமானது என்பதை முன்கூட்டியே விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்றும் வற்புறுத்தின. 2017 முதல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ‘அந்தரா’ ஹார்மோன் ஊசியும், லக்னோவின் மத்திய மருந்து ஆய்வகம் உருவாக்கிய, ஹார்மோன் அல்லாத ‘சாயா’ மாத்திரையும் அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாக வரத் தொடங்கின. ஆயினும் 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களின் அறுவை விகிதம் குறையவில்லை. 57 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.