நாணயமும் நாணயமும்: இலங்கைக் காசின் வரலாறு

நம் மொழியிலே காசுக்கு நாணயம் என்பது ஒரு பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் அதுவே பெயர். ஒருவரைச் சுட்டி, "அவர் நாணயமான மனிதர்" என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னால், அவரை நம்பிக் கைமாற்றுக் கொடுக்கலாம் என்பது கருத்து. இலங்கைத் தீவின் காசு வரலாற்றை ஆராயப் புகும் நமக்கு இந்த ஒரு சொல்லே கைவிளக்காக அமைகின்றது. காசை வெளியிட்டவன் நாணயம் தவறாதிருந்த காலமெல்லாம் காசு நிலைத்தது. அவன் தவறியபோது அது வெறுஞ் செம்பாகவும் வெறுங் கடதாசியாகவும் போயிற்று. இவ்வுண்மையைச் சில சான்றுகளாற் காண்போம்.

காசுக்கு முன்

நமது வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை; மேற்கே படுவான்கரை. படுவான்கரை நெல் விளையும் பூமி. எழுவான்கரையோ தென்னையும் கடல் மீனும் மலிந்தது. நெல்லை மரைக்காலால் அளந்து கொடுத்து, மீனும் தேங்காயும் பெற்றுத் தோணியில் மீண்ட வழக்கத்தையும், வயல் வேலைக்கு நெல்லே கூலியாக இருந்ததையும் நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். நெல் பசி தீர்க்கும். ஆனால் நெடுந்தூரம் சுமந்து செல்ல இயலாது. பல ஆண்டு வைத்திருந்தாற் கெட்டுப்போகும். ஆகவே, அழியாததும் மடியில் முடிந்து செல்லத்தக்கதுமான உலோகத்தை மக்கள் நாடினர்.

இத்தீவிற் கிடைத்த மிகப் பழைய காசுகள், வெள்ளித் தகட்டை வெட்டிச் சூரியன், மரம், விலங்கு முதலிய குறிகளைக் குத்தியவை. கிறித்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலே பாரத நாடெங்கும் இவை வழங்கின. இவற்றில் எந்த அரசனின் பெயரும் இல்லை. எடையும் குறியுமே சாட்சி. இவற்றோடு, தாமரை மேல் நிற்கும் திருமகளை இருபுறமும் யானைகள் நீராட்டும் கோலம் பொறித்த உலோகத் தகடுகளும் இங்கு கிடைத்துள்ளன. செல்வத்துக்குரிய தெய்வத்தின் திருவுருவையே முத்திரையாகக் கொண்ட சிறப்பு இந்துக்களாகிய நம் கருத்தைக் கவர்வதாகும்.

மிஷன் பாடசாலையிற் கற்ற நாம், காசில் உள்ள உருவம் யாருடையது என்று இயேசுநாதர் வினவிய கதையைச் சிறு வயதிலேயே கேட்டவர்கள். அத்தகைய சீசர்களின் வழிவந்தோர் தலை பொறித்த உரோமச் செப்புக் காசுகள், கிறித்துவுக்குப் பிற்பட்ட நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளுக்குரியவை, இத்தீவின் மண்ணிலே ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்து இங்கேயே வார்த்த போலிக் காசுகளும் உண்டு. உரோமாபுரி எங்கே, இலங்கை எங்கே! கடல் வாணிகம் இரண்டையும் இணைத்தது.

சோழரும் சேதுவும்

கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராச சோழன் வெளியிட்ட காசில், ஒருபுறம் அரசன் நிற்பான், மறுபுறம் அமர்ந்திருப்பான், எழுத்து நாகரி. சோழர் ஆட்சி இத்தீவினின்றும் நீங்கிய பின்னரும் அந்த வடிவம் நீங்கவில்லை. பொலநறுவையிலிருந்து ஆண்ட மகா பராக்கிரமபாகுவும் (1153–1186), பின்னர் அரசு கட்டிலேறிய இலீலாவதி என்னும் அரசியும் அதே வடிவிலேதான் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனர். பகைவன் விட்டுச் சென்ற காசாயினும் மக்கள் பழகி நம்பிய வடிவத்தை மாற்ற அவர்கள் முற்படவில்லை. மக்களின் நம்பிக்கை அரச மாற்றத்தினும் வலியது என்பதற்கு இஃதொரு சான்று.

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் காசு நமக்கு இன்னும் நெருங்கியது. அதிலே நந்தி படுத்திருக்கும், பிறை விளங்கும், "சேது" என்னும் சொல் தமிழெழுத்திலே நிற்கும். சேதுகாவலர் எனப் பெயர் பூண்ட அம்மன்னர் தம் சமயத்தையும் மொழியையும் ஒரு சிறு செப்பு வட்டத்துள் அடக்கி வைத்தனர்.

நெருப்பிலிட்டுப் பார்த்த வெள்ளி

பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கு வழங்கிய வெள்ளிக் காசு விந்தையானது. வெள்ளிக் கம்பியை மடித்துத் தூண்டில் முள்ளைப் போல வளைத்தது. பாரசீகத்திலுள்ள லார் என்னும் நகரின் பெயரால் இதனை லாறின் என்றனர். 1660ஆம் ஆண்டில் நமக்கு வடக்கேயுள்ள கொட்டியாரத்திற் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டு வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் இதுபற்றி எழுதியிருக்கின்றார். இக்காசை அரசன் அனுமதியோடு யாரும் செய்யலாமாம். வெள்ளியின் தூய்மையில் ஐயம் எழுந்தால், அதனை நெருப்பிற் பழுக்கக் காய்ச்சி நீரில் இடுவார்கள். வெண்மையாக இருந்தாற் செல்லும், அன்றேற் செல்லாது. அரசனுக்கே உரிய சிறு காசான பணத்தைப் பிறர் அடித்தால் மரண தண்டனை. காசின் நாணயத்தைக் காக்க அக்காலம் நெருப்பையும் தண்டனையையும் நம்பியது.

ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் 1602இல் வந்திறங்கியது நம் மட்டக்களப்புக் கரையிலேதான். புளியந்தீவிற் போர்த்துக்கேயர் 1628இற் கட்டிய கோட்டை 1638இல் ஒல்லாந்தர் கைப்பட்டது. அவர்களின் கம்பனிச் செப்புக் காசின் பெயரே தமிழிலே துட்டு ஆயிற்று. கோட்டையை விட்டு அவர்கள் போய் இருநூறு ஆண்டு கழிந்த பின்னும் அந்தச் சொல் நம் வாயை விட்டுப் போகவில்லை.

கடதாசி வந்த கதை

இத்தீவிலே முதன்முதற் கடதாசிப் பணத்தை வெளியிட்டவரும் ஒல்லாந்தரே. ஆண்டு 1785. கையில் நல்ல காசு குறைந்தபோது, பின்னர் தருவோம் என்னும் வாக்குறுதியை எழுதிக் கொடுத்தனர். அவற்றின் மதிப்போ நாளடைவில் இறங்கிற்று. 1796இற் கொழும்பு பிரித்தானியரிடம் சரணடைந்தபோது, அக்கடதாசிகளுக்கு யார் பொறுப்பு என்பதும் சரண் உடன்படிக்கையிலே பேசித் தீர்க்கவேண்டிய விடயமாயிற்று. கொடி இறங்கலாம், கொடுத்த வாக்கு இறங்கலாகாது.

பிரித்தானியர் யானை பொறித்த காசுகளை வெளியிட்டனர். 12 பணம் ஒரு றிக்ஸ்டொலர். 4 ஸ்டைவர் ஒரு பணம் என்பது கணக்கு. 1825இல் றிக்ஸ்டொலரின் மதிப்பை 1 சிலிங் 6 பென்சாக வரையறுத்து, ஆங்கில நாணயத்தை நாட்டின் நாணயமாக்கினர். ஆனால் வாணிகமும் தொழிலாளரும் இந்தியாவோடு பிணைந்திருந்தமையால் இங்கு ரூபாவே செல்வாக்குப் பெற்றது. 1869இல் இந்திய வெள்ளி ரூபா அரசாங்க நாணயமாக ஏற்கப்பட்டது; 1872 சனவரி முதலாந் தேதி தொடக்கம் ரூபா 100 சதமாகப் பகுக்கப்பட்டது. பனைமரம் பொறித்து, சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி எழுதிய கால்சதமும் அரைச்சதமும் பாட்டிமாரின் பழைய தகரப் பேழைகளிலே சில வேளை அகப்படும். இந்தியா அணாவிலும் பைசாவிலும் நெடுங்காலம் கணக்குப் பார்த்திருக்க, நாம் சதத்திற்கு முன்னரே மாறிவிட்டோம்.

அந்நாளிற் கடதாசிப் பணத்தை வெளியிட்டவை தனியார் வங்கிகள். அவற்றுட் பெரியது ஓரியன்டல் வங்கி. 1869இல் முதன்முதற் காணப்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த வங்கியும் தளர்ந்தது. 1884 மே 3ஆந் தேதி அது கதவை மூடிற்று. நேற்று வரை பணமாக இருந்த கடதாசி இன்று என்னாகும் என்று நாடே கலங்கியது. அவ்வேளை தேசாதிபதி சேர் ஆதர் கோடன், அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என அறிவித்தார். கலக்கம் தணிந்தது. அவ்வாண்டே சட்டம் இயற்றப்பட்டு, 1885 முதல் அரசாங்கமே நாணயத்தாள் வெளியிடலாயிற்று. ஒரு சொல், காலத்தோடு சொல்லப்பட்டு, காப்பாற்றப்பட்டமையால் ஒரு நாட்டின் பணம் பிழைத்தது.

1942 ஏப்பிரல் 9ஆந் தேதி, நமது கரைக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந் தாங்கிக் கப்பல் யப்பானியக் குண்டுகளால் மூழ்கியது. காசடிக்கும் உலோகமும் அந்த யுத்த காலத்திலே அரிதாயிற்று. ஆகவே அவ்வாண்டிற் சதங்களும் கடதாசியில் வந்தன. அவற்றுள் ஐந்து சதத் தாளின் நடுவே தபால் முத்திரைக்கு இடுவது போலத் துளை வரிசை இருந்தது. கிழித்தால் ஒரு பாதி இரண்டு சதம். மறு பாதி மூன்று சதம்.

நம் கையில் வந்த பின்

சுதந்திரத்தின் பின் 1950 ஓகஸ்ட் 28ஆந் தேதி இலங்கை மத்திய வங்கி தொடங்கிற்று. அமெரிக்கரான யோன் எக்ஸ்ரர் அதன் முதல் ஆளுநர். அதுவரை நம் ரூபா இந்திய ரூபாவின் நிழலில் நின்றது. இனி அதன் நாணயம் முற்றிலும் நம் பொறுப்பாயிற்று. அப்பொறுப்பை நாம் எவ்வாறு காத்தோம்? இங்கேதான் பெரியவர்களின் பெருமூச்சுக் கேட்கின்றது.

1970 ஒக்டோபரில் 50 ரூபா, 100 ரூபாத் தாள்கள் செல்லா எனத் திடீரென அறிவிக்கப்பட்டன. குறித்த சில நாட்களுள் அவற்றை வங்கியில் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. கறுப்புப் பணத்தைப் பிடிப்பதே நோக்கம். எனினும், பெட்டகத்திலே பணம் வைத்திருந்த சாதாரண குடியானவனும் அன்று திகைத்தான்.

2022இற் கண்டதோ அதனினும் கொடியது. அரசாங்கத்தின் வரவு சுருங்க, செலவுக்குப் புதுப் பணம் பெருகிற்று. அந்நியச் செலாவணி வற்றியது. ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. சில கிழமைகளுள் ஒரு டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிற்று. செப்டெம்பரிற் கொழும்பு விலைச் சுட்டி முந்திய ஆண்டினும் 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. எந்தத் தாளும் செல்லாது என்று யாரும் அறிவிக்கவில்லை. வங்கிப் புத்தகத்தில் ஓர் எண்ணும் குறையவில்லை. ஆயினும் மகளின் கலியாணத்துக்கென ஆண்டுக் கணக்கிற் சேர்த்த பணம் பாதி வீட்டுச் சாமானுக்கும் போதாமற் போயிற்று. கள்வன் வந்த சுவடு தெரியாது. களவு மட்டும் நடந்துவிட்டது.

இதனாற் பெற்ற பாடம் 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. விலைவாசியை நிலையாக வைத்தலே வங்கியின் தலையாய கடன் என்றும், அரசாங்கத்துக்குப் பணம் அச்சிட்டுக் கடன் கொடுத்தல் ஆகாது என்றும் அது விதிக்கின்றது. அன்று வெள்ளிக்கு நெருப்பு எதுவோ, இன்று கடதாசிக்குச் சட்டம் அது. ஆனால் நெருப்பிலிட்டுப் பார்க்க ஊரார் முன்வரவேண்டும். சட்டத்தைக் காக்கவும் விழிப்புள்ள குடிமக்கள் வேண்டும். வரவு செலவுத் திட்டம் பெரியோர்க்கும் பொருளியல் மாணவர்க்கும் மட்டும் உரியது என்று இளைஞர் ஒதுங்கியிருத்தல் தகாது.

2011இற் புழக்கத்துக்கு வந்த ஐம்பது ரூபாத் தாளை எடுத்துப் பாருங்கள். மன்னம்பிட்டியில் மாவலியைக் கடக்கும் பழைய பாலமும் புதிய பாலமும் அதிலே அருகருகே உள்ளன. பொலநறுவையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழி அது. நாம் எத்தனையோ தடவை கடந்த வழி. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் அத்தாளிலே நிற்கின்றன. காசும் ஒரு பாலமே. படுவான்கரையானையும் எழுவான்கரையானையும், முகமறியாத ஒருவனையும் மற்றொருவனையும் அது இணைக்கின்றது. தூண் தளர்ந்தால் அந்தப் பாலம் நில்லாது. நாணயமே அதன் தூண்.

இளைஞர்காள்! நாட்டின் கருவூலம் நம் கையில் இல்லை. மன்றத்தின் உண்டியலும் கணக்குப் புத்தகமும் நம் கையில் உள்ளன. ஒரு சதமும் பிசகாமல் அக்கணக்கை எழுதுவோம். சிறியதில் நாணயம் பழகியவனிடமே பெரியதை ஒப்படைக்கலாம் என்பது நம் பெரியோர் கண்ட உண்மை.