சயீத் தக்மாவி: எல்லா ஊர்க்காரராகவும் நடித்த மொராக்கோக்காரர்

இங்கே புனேயில் நம் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: 'மதராஸி'. மதுரையா, மைசூரா, பாலக்காடா என்று யாரும் கேட்பதில்லை. அதனாலோ என்னவோ, சயீத் தக்மாவி என்ற நடிகரின் கதை எனக்கு ரொம்பவே நெருக்கம்.

பிறந்தது 1973-ல், பாரிஸுக்கு வெளியே. அப்பா, அம்மா மொராக்கோவிலிருந்து வந்த பெர்பர் இனத்தவர். அரபியர் வருவதற்கு முன்பே அங்கே வாழ்ந்த, தனி மொழி உள்ள மக்கள். அந்த நாட்களில் பிரான்சின் கார் தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைக்கும் வட ஆப்பிரிக்காவிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. பிள்ளைகள் பிரெஞ்சு பேசி வளர்ந்தார்கள். ஆனால் போலீஸ் கண்ணுக்கு அந்நியர்கள்தான்.

அந்தக் கோபத்தைத்தான் 1995-ல் மாத்யூ கசோவிட்ஸ் 'லா ஏன்' என்று கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார். ஒரு யூதப் பையன், ஒரு கறுப்பினப் பையன், ஒரு அரபுப் பையன். மூவரின் ஒரு நாள் வாழ்க்கை. அந்த மூன்றாமவன் நம்ம சயீத். பாத்திரத்துக்கும் அதே பெயர். படம் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கியது.

அடுத்து 1998-ல் 'ஹிடியஸ் கின்கி'. 'டைட்டானிக்' கேட் வின்ஸ்லெட்டுக்கு ஜோடி, மொராக்கோக்காரராகவே. 2000-ல் நபில் அயூஷின் 'அலி ஸவா', காசாபிளாங்காவின் தெருப் பிள்ளைகளைப் பற்றியது.

ஹாலிவுட்டில்தான் ஊர் மாறிக்கொண்டே போனது. 'த்ரீ கிங்ஸ்' (1999) படத்தில் இராக் ராணுவ கேப்டன். 'தி கைட் ரன்னர்' (2007) படத்தில் ஆப்கான் டிரைவர். 2008-ல் 'ஹவுஸ் ஆஃப் சதாம்' தொலைக்காட்சித் தொடரில் சதாமின் தம்பி (அம்மா ஒன்று, அப்பா வேறு). மறு வருடம் 'லாஸ்ட்' தொடர். முகம் ஒன்று போதும், எந்த நாடு என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்!

ஆனால் கிடைத்த இடத்தில் மனிதர் என்ன செய்தார் என்பதுதான் விஷயம். 'த்ரீ கிங்ஸ்' பார்த்தவர்களுக்குத் தெரியும். பிடிபட்ட அமெரிக்க வீரனைச் சித்திரவதை செய்கிற கேப்டன், குண்டுவீச்சில் இறந்துபோன தன் குழந்தையைப் பற்றிப் பேசுவார். அதன் பிறகு அவரை வெறும் வில்லன் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

2017-ல் 'வொண்டர் உமன்'. அதில் சமீர் என்ற ஒற்றன் வேடம். நடிகனாக ஆசைப்பட்டேன், என் நிறம் சரியில்லை என்று போய்விட்டது என்பான் சமீர். இருபது வருடத்துக்கு மேல் நடித்த பிறகு சயீத் அதைச் சொல்லும்போது வசனம் மாதிரியே தோன்றவில்லை.

'த்ரீ கிங்ஸ்' கிடைத்தால் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு.